சவுத் கிராஃப்டி: பெரிய பம்பு வைத்தால் சீக்கிரம் வற்றுமா?

பம்பை மட்டும் பெரிதாக்கினால் போதாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கத்தில் 2023-லிருந்து நீர் இறைத்தும் ஏன் இவ்வளவு மெதுவாக வற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சுத்திகரிப்புதான் காரணம். 1998-ல் மூடியபின் நிரம்பிய நீரில் இரும்பும் ஆர்சனிக்கும் கலந்திருக்கின்றன. அப்படியே ஆற்றில் விட முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 25,000 கன மீட்டர். அதற்கு மேல் இறைத்து எங்கே கொட்டுவது?

நீர்மட்டம் இறங்கும் வேகத்தைப் சுரங்கத்தின் பழைய குறுக்குவெட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாது வெட்டிய வெற்றிடம் அதிகமுள்ள ஆழத்தில் அதே அளவு இறைத்தாலும் மட்டம் மெதுவாகத்தான் குறையும். நூற்றாண்டுகளாகக் குடைந்த இடம் அல்லவா!

ஒன்று: வற்றியதும் உடனே உற்பத்தி தொடங்கிவிடாது. பாறையின் உறுதி, காற்றோட்டம் எல்லாம் சரிபார்க்க வேண்டும். அப்புறம் வெள்ளீய விலையும் ஒத்துழைக்க வேண்டும்.