சீன அறிவியலாளர் தூ யூயூ பழைய நூலைப் படித்துத்தான் மலேரியா மருந்தைக் கண்டுபிடித்தார் என்றால், நம் பாட்டி வைத்தியத்தையும் அப்படியே நம்பலாமா?

2012-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்கு மலேரியாவின் கொடிய வகையான ஃபால்சிபாரம் வந்தது. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்த்த உடனே, மூன்று நாளைக்கு உரிய மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் விட்டது. அந்த அட்டையில் இருந்த ஆர்ட்டிசுனேட் என்னும் மருந்து, தூ யூயூ பிரித்தெடுத்த சேர்மத்தின் வழிவந்தது. கல்லூரியில் கரிம வேதியியல் கற்பிக்கும் எனக்கு அது அதுவரை வெறும் பாடமாக இருந்தது. அந்த நன்றியோடுதான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

தூ யூயூ பழைய நூலை மதித்தார். ஆனால் "அப்படியே" நம்பவில்லை. வியட்நாம் போர்க்களத்தில் அன்று வழக்கத்தில் இருந்த குளோரோகுவின் மருந்துக்கு அடங்காத மலேரியா பரவியதால், 1967-ஆம் ஆண்டு மே 23 அன்று சீன அரசு '523' என்ற இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. 1969-இல் அதன் ஒரு குழுவுக்குப் பெய்ஜிங்கில் அவர் தலைமை ஏற்றார். பழைய நூல்களையும் மருத்துவர்களின் வாய்மொழிகளையும் துருவி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துமுறைகளைத் திரட்டி, ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை 68 சதவீதம் வரை கிருமியைக் கட்டுப்படுத்தியது. மறுமுறை செய்தபோது 12 முதல் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பலர் அந்தச் செடியை அத்தோடு ஒதுக்கியிருப்பார்கள்.

அவர் நூல்களுக்குத் திரும்பிப் போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன அறிஞர் எழுதிய அவசர சிகிச்சைக் குறிப்புகளில், ஒரு கைப்பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும் என்று இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. கொதிக்கவைத்ததே மருந்தைக் கெடுத்திருக்கும் என்று ஊகித்து, 35 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் ஈதர் என்னும் கரைப்பானில் சாற்றை எடுத்தார். அதிலிருந்த, நச்சுத்தன்மை கொண்ட, பயனற்ற அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆம் எண் சாறு எலிகளில் கிருமியை முழுவதுமாக ஒழித்தது. இந்தக் கட்டத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் சற்றே உயர்ந்துவிடும். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு சொல்லை இவ்வளவு கவனமாகப் படித்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?

அதன் பிறகும் அவர் நோயாளிகளிடம் நேரே போய்விடவில்லை. 1972 ஜூலையில் அவரும் உடன் பணிபுரிந்த இருவரும் முதலில் தாங்களே அதை உட்கொண்டார்கள். அதற்குப் பிறகே ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், சாற்றில் வேலை செய்த சேர்மமான ஆர்ட்டிமிசினின், படிகமாகக் கிடைத்தது. அதன் மூலக்கூறு கட்டமைப்பைக் கண்டறிந்ததிலும், வேறு மாகாணங்களில் அதே சேர்மத்தைப் பிரித்ததிலும், பின்னர் ஆர்ட்டிசுனேட்டை உருவாக்கியதிலும் பல சீன அறிவியலாளர்களின் உழைப்பு உண்டு. 2015-இல் நோபல் பரிசு தூ யூயூவுக்கு வந்தபோது அவர்களில் பெரும்பாலோரின் பெயர் வெளியே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு செய்தி உண்டு. சிங்ஹாவ் என்ற ஒரே பெயரில் பல செடிகள் விற்கப்பட்டன; அவற்றுள் ஆர்ட்டிமிசியா ஆனுவா ஒன்றில்தான் போதிய அளவு மருந்து இருந்தது, அதுவும் பூப்பதற்கு முந்தைய பருவத்து இலையில். பெய்ஜிங்கில் விளைந்ததில் அளவு குறைவு, சிச்சுவானில் விளைந்ததில் அதிகம். நாம் தலையில் சூடும் மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டிமிசியா பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடிதான். அதற்காக அதைக் கசாயம் வைத்து மலேரியாவுக்குக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனுவா இலைத் தேநீரையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒரு குவளையில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. குறைந்த அளவில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். ஆர்ட்டிமிசினின் சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்கிவிடுவதால், நீண்ட நேரம் தங்கும் வேறொரு மருந்தோடு சேர்த்தே அதைத் தருகிறார்கள். எனக்குக் கிடைத்த அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. அப்படியிருந்தும் மேற்குக் கம்போடியாவில் மருந்துக்கு மெதுவாகவே அடங்கும் கிருமிகள் தோன்றிவிட்டன.

ஆகவே பாட்டி வைத்தியத்தைச் சோதிக்க வேண்டிய ஒரு குறிப்பாக மதிக்கிறேன். காய்ச்சல் என்றால் முதலில் இரத்தப் பரிசோதனைக்குத்தான் போகிறேன். என் அம்மா சொல்லும் மருந்துகளை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். செடியின் பெயரை மட்டும் எழுதுவதில்லை; எந்த மாதம் பறித்தது, இலையா வேரா, பச்சையா உலர்ந்ததா, அரைத்துப் பிழிந்தார்களா, காய்ச்சினார்களா என்பதையும் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.