வாடகை வராத மாசம் கார்டை எடுத்தா கடன் யாரோடது?

கேள்வி: ஐயா வணக்கம். சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தையில (இப்ப பெஸ்தாரி ஜெயா) எங்களுக்கு ஒரு டெரஸ் வீடு இருக்கு. எஸ்டேட்டை விட்டு வெளிய வந்தப்போ இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போட்டு வாங்கினது. இப்ப வேலைக்காக ரவாங்ல இருக்கோம், அதனால அதை வாடகைக்கு விட்டிருக்கோம். வாடகை 850 வெள்ளி (ரிங்கிட்), பேங்க் தவணை 780. என் கொழுந்தனார் அங்கேயே இருக்கார், ஆள் பார்க்கிறது, வாடகை வாங்குறது எல்லாம் அவர்தான், பெட்ரோலுக்குன்னு மாசம் 50 எடுத்துக்குவார். போன தடவை அவருக்குத் தெரிஞ்ச குடும்பம்னு டெபாசிட், அக்ரிமெண்ட் எதுவும் இல்லாம விட்டோம். எனக்கே தப்புன்னு தெரியும், ஆனா முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல முடியல. 6 மாசம் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் 5 மாசம் ஒண்ணும் வரல. பேங்க்லேர்ந்து லெட்டர் வந்துடுமேன்னு பயந்து மாசா மாசம் கிரெடிட் கார்டுல 800 எடுத்து தவணை கட்டினேன். கடைசியில ஒரு ராத்திரி லோரி வெச்சு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, கரண்டு தண்ணி பில் மட்டும் 1,100 பாக்கி. வீடு 2 மாசமா சும்மா கிடக்கு. இப்ப கொழுந்தனார் ஒரு கான்ட்ராக்டரைக் கொண்டு வர்றார், 12 வெளிநாட்டு ஆளுங்களைப் போடுவாராம், 1,300 தருவாராம், ஆனா டெபாசிட் கேட்கக் கூடாதாம். ஆபீஸ்ல ஒருத்தி சீரோ டெபாசிட் ஆப்ல போடு, அவங்களே வாடகைக்கு கேரண்டின்னு சொல்றா. புது ஆள் டெபாசிட் கொடுத்தா அதை வெச்சு கார்டை அடைச்சிடலாமா? இனிமே வாடகை வரலேன்னா வீட்டைப் பூட்டிடலாமா? – வாசகி, ரவாங்.

பதில்: அக்கா, டெபாசிட் வாங்கணும் அக்ரிமெண்ட் போடணும்னு நீங்களே எழுதிட்டீங்க, அந்தப் பாடத்தை நான் திரும்ப நடத்தப் போறதில்ல. எனக்கு உறுத்தினது வேற ஒரு வரி. கார்டுல 800 எடுத்து தவணை கட்டினேன்னு போறபோக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க பாருங்க, அங்கதான் மொத்த விஷயமும் இருக்கு.

என்ன நடந்துச்சுன்னா, மாசம் பொறக்குது, வாடகை வரல, உங்களுக்கு வயித்தைக் கலக்குது, மெஷின்ல 800 எடுக்குறீங்க, தவணை போயிடுது, பயமும் போயிடுது. பயம் போனதும் அந்த ஆளுக்கு ஃபோன் அடிக்கத் தோணல. கொழுந்தனார் "பாவம் அண்ணி, அடுத்த மாசம் கண்டிப்பா கொடுத்துருவாங்க"ன்னு சொன்னதும் சரின்னு விட்டுட்டீங்க. அவங்க 5 மாசம் வாடகை இல்லாம உக்காந்திருந்ததுக்கு உங்க கார்டுதான் காசு கட்டியிருக்கு. கார்டு இல்லேன்னா ரெண்டாவது மாசமே நீங்க பஸ் ஏறிப் போய் வாசல்ல நின்னிருப்பீங்க.

இப்ப அந்த 800க்கு என்ன விலை கொடுத்தீங்கன்னு பார்ப்போம், தோராயமா. கார்டுல ரொக்கமா எடுத்தா பெரும்பாலான பேங்க்ல எடுத்த உடனே 5 விழுக்காடு கட்டணம், அதாவது 40 வெள்ளி. அன்னைக்கே வட்டியும் ஓட ஆரம்பிச்சிடும், வருஷத்துக்கு 18 விழுக்காடு. சாமான் வாங்கினா கிடைக்கிற அந்த 20 நாள் சலுகை ரொக்கத்துக்குக் கிடையாது. முதல் மாசம் மட்டும் 52 வெள்ளி கிட்ட போச்சு. அதே 780 தவணையை ஒரு மாசம் லேட்டா கட்டியிருந்தா, வீட்டுக் கடனுக்கு பெரும்பாலும் பாக்கித் தொகை மேல வருஷத்துக்கு 1 விழுக்காடுதான் அபராதம், அது ஒரு வெள்ளி கூட வராது. தவணையைத் தவற விடுங்கன்னு சொல்ல வரல, சிசிஆர்ஐஎஸ்ல, அதாவது மத்திய வங்கியோட கடன் பதிவேட்டுல, 12 மாசத்துக்கு அது தெரியும், 3 மாசம் சேர்ந்துட்டா வேற பிரச்சனை. ஆனா ஒரு வெள்ளி அபராதத்துக்குப் பயந்து 52 வெள்ளி செலவு பண்ணியிருக்கீங்க, அதுவும் 5 தடவை. வாடகை நிக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே பேங்குக்கு ஃபோன் போட்டுப் பேசியிருந்தா ஒரு வழி சொல்லியிருப்பாங்க.

இன்னொரு கணக்கு, இது உங்களுக்குப் பிடிக்காது. 850ல 780 போனா மிச்சம் 70. அதுல கொழுந்தனார் பெட்ரோல் 50. மீதி 20 வெள்ளி, வருஷத்துக்கு 240. சுக்காய் பிந்து (வீட்டு வரி), நிலவரி, ஒரு தடவை குழாய் ரிப்பேர்னு வந்தா அந்த 240ம் காலி. அந்த வீட்டுலேர்ந்து மாசா மாசம் கைக்காசு பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். நல்ல மனுஷனாவே இருக்கட்டும், நான் குறை சொல்லல, ஆனா வாடகை வந்தாலும் வராட்டாலும் அவருக்கு நஷ்டம் இல்ல, அப்படிப்பட்டவர் கையில ஆள் தேர்ந்தெடுக்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது. இனிமே வாடகை ஆன்லைன்ல உங்க பேர்ல உள்ள கணக்குக்கு நேரா வரணும். அவர் வீட்டைத் திறந்து காட்டட்டும், ஆள் வந்து சேர்ந்தா ஒரு தடவை 200 வெள்ளி கொடுத்துடுங்க, அதோட சரி. "அண்ணன்தான் இப்படிச் சொல்லச் சொன்னாரு"ன்னு சொல்லிக்கோங்க, அண்ணன்காரர் இந்த ஒரு உதவியாவது பண்ணட்டும்.

அந்தக் கான்ட்ராக்டர் விஷயம். 850க்கு பதிலா 1,300 வருதுன்னா யாருக்கும் கண்ணு விரியும், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா தொழிலாளர் தங்குமிடத்துக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, 1990ல வந்த 446ஆவது சட்டம். முதலாளி அந்த வீட்டுக்குத் தொழிலாளர் இலாகாகிட்ட தங்குமிடச் சான்றிதழ் வாங்கணும், வாங்காட்டி அவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். அது அவர் தலைவலின்னு விட்டுடலாம்னு நினைப்பீங்க. உங்க தலைவலி இமிகிரேஷன் சட்டத்துல இருக்கு, பெர்மிட் இல்லாத ஆளைத் தெரிஞ்சே தங்க விட்டா தலைக்கு 5,000லேர்ந்து 30,000 வெள்ளி வரை அபராதம், ஜெயிலும் உண்டு. 12 பேர்ல 3 பேருக்கு பெர்மிட் முடிஞ்சிருந்தா கூட பெருக்கிப் பாருங்க. எனக்குத் தெரியாதுன்னு நீங்கதான் நின்னு விளக்கணும். டெபாசிட் கொடுக்க மாட்டேன்னு முதல் நாளே சொல்ற கம்பெனி சான்றிதழுக்கு மட்டும் அலையும்னு நான் நம்பல. சான்றிதழ், கம்பெனி பேர்ல அக்ரிமெண்ட், ஒவ்வொருத்தரோட பெர்மிட் காப்பி, டெபாசிட், நாலும் ஒரே நாள்ல மேசைக்கு வந்தா பேசலாம். வராது.

சீரோ டெபாசிட் ஆப் பத்தி சுருக்கமா சொல்றேன், இப்ப எல்லாரும் அதைத்தான் கேட்குறாங்க. டெபாசிட்டுக்குப் பதிலா ஒரு இன்சூரன்ஸ் மாதிரி ஏற்பாடு, எவ்வளவு வரை கொடுப்பாங்க, எத்தனை நாளைக்குள்ள புகார் கொடுக்கணும், எதெல்லாம் கவர் ஆகாது, எல்லாம் சின்ன எழுத்துல இருக்கும், கட்டணமும் வாடகையிலேர்ந்துதான் போகும். வருஷத்துக்கு 240 வெள்ளி மிஞ்சுற வீட்டுல எதைக் கொடுத்து இதை வாங்குவீங்க? அதை விட, 2 மாச டெபாசிட்டைப் புரட்ட முடியாத குடும்பம் கை இறுகுற மாசம் என்ன பண்ணும்னு யோசிங்க. அடுத்த லெட்டர்ல யாராவது ஹோம்ஸ்டே போடுன்னு சொன்னாங்கன்னு எழுதிடாதீங்க. மின்மினிப் பூச்சி பார்க்க வர்ற கூட்டம் கம்போங் குவந்தானுக்குப் போகுது, குவாலா சிலாங்கூர்ல மீன் சாப்பிடுது, வீட்டுக்குப் போகுது. பத்தாங் பெர்ஜுந்தையில ராத்தங்க யாரும் வர்றதில்ல.

சரி, யாரை வைக்கலாம். உங்க ஊர்ல ஆள் இல்லாம இல்ல. ஸ்கூல் டீச்சர், கிளினிக் ஸ்டாஃப், எஸ்டேட் ஆபீஸ் கிராணி, ஃபேக்டரிக்கு போற சின்னக் குடும்பம், யுனிசெல் யுனிவர்சிட்டி பிள்ளைங்க. பிள்ளைங்களை வெச்சா ஒரு அப்பாவோ அம்மாவோ ஜாமீன் கையெழுத்து போடணும், இல்லேன்னா செமஸ்டர் லீவுல வீடும் காலி வாடகையும் காலி. குடும்பம்னா பே ஸ்லிப் பார்த்து மயங்காதீங்க, அதை யார் வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல அடிச்சிடலாம். இபிஎஃப் ஸ்டேட்மெண்ட் கேளுங்க, அவங்க ஃபோன்லயே உங்க முன்னாடி திறந்து காட்டச் சொல்லுங்க. மாசா மாசம் முதலாளி பணம் போட்டிருக்காரா, எந்த மாசம் விட்டுப் போயிருக்குன்னு அதுல பொய் சொல்ல முடியாது. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அது மாசம் 275ன்னு இருந்தா சம்பளம் 2,500 கிட்ட, 850 வாடகை தாங்கும், கொஞ்சம் இறுக்கம்தான். 187ன்னு இருந்தா குறைந்தபட்சச் சம்பளம் 1,700, தனி ஒருத்தர் சம்பாத்தியம்னா வேணாம், எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் சரி. அதோட அவங்க சிசிஆர்ஐஎஸ் அறிக்கையையும் அவங்களையே எடுக்கச் சொல்லலாம், மத்திய வங்கி பேங்க் நெகாராவோட ஆன்லைன் இசிசிஆர்ஐஎஸ்ல இலவசம், மோட்டார் தவணை எத்தனை மாசம் நிக்குதுன்னு அதுல வந்துடும். பழைய வீட்டுக்காரரை விசாரிக்கும்போது ஒண்ணு கவனிங்க, இப்ப இருக்கிற வீட்டுக்காரர் தொலைஞ்சா போதும்னு தங்கமான ஆளுன்னு சொல்லுவார், அதனால அதுக்கு முன்னாடி இருந்த வீட்டுக்காரர் நம்பரைக் கேளுங்க.

வீடு காலியா கிடக்கேன்னு துடிக்காதீங்க. இன்னும் ஒரு மாசம் காலியா இருந்தா 850 நஷ்டம். அவசரத்துல வெச்ச ஆளால போனது 4,250 வாடகை, 1,100 பில், கார்டு கட்டணமும் வட்டியும் ஒரு 400, மொத்தம் 5,750. ஏறக்குறைய 7 மாசம் காலியா வெச்சிருந்த நஷ்டம்.

டெபாசிட் 2 மாசம், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், அதாவது 2,125, முதல் மாச வாடகை வேற. கரண்டு கணக்கை டிஎன்பியில அவங்க பேருக்கே மாத்திடச் சொல்லுங்க, அப்புறம் அந்த பில்லு உங்களைத் தேடி வராது. அக்ரிமெண்டை வருமான வரி வாரியம் எல்எச்டிஎன்ல ஸ்டாம்பிங் பண்ணுங்க, ஒரு வருஷ அக்ரிமெண்ட்னா வருஷ வாடகையில 250க்கு 1 வெள்ளி, உங்களுக்கு 41 வெள்ளி, ரெண்டாவது காப்பிக்கு 10. ஸ்டாம்ப் இல்லாத பேப்பரைக் கோர்ட்ல ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க.

டெபாசிட்டை வெச்சு கார்டை அடைக்கலாமான்னு கேட்டீங்க. கூடாது. 18 விழுக்காடு வட்டி ஓடும்போது 2,125ஐ சும்மா வெச்சிருக்கிறது முட்டாள்தனம்னு கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, வருஷத்துக்கு 380 வெள்ளி மிச்சம் பிடிக்கலாம்னு எனக்கும் தெரியும். ஆனா உங்க கை என்ன பண்ணும்னு இந்த லெட்டர்லேயே பார்த்துட்டேன். அந்த ஆள் காலி பண்ற அன்னைக்கு டெபாசிட் கேட்பார், நீங்க மறுபடி மெஷின் முன்னாடி போய் நிப்பீங்க. அது அவங்க பணம், தனிக் கணக்குல போட்டு மறந்துடுங்க. கார்டுல இப்ப 3,900 இருக்குன்னு வெச்சுக்குவோம். மினிமம் மட்டும் கட்டிக்கிட்டு இருந்தா முடிய 5 வருஷம் ஆகும். இந்த 2 மாசமா 780ஐ எப்படியோ சம்பளத்துலேர்ந்து கட்டுறீங்க இல்லையா, ஆள் வந்ததும் அந்தப் பணம் ஃப்ரீ ஆகும், அதுல 400ஐ கார்டுக்குத் திருப்புங்க, 11 மாசத்துல முடியும், வட்டி 350க்குள்ள நிக்கும். மிச்சம் 380ஐ அதே தனிக் கணக்குல சேருங்க, ரெண்டு தவணை அளவு சேர்ற வரைக்கும் தொடாதீங்க, வாடகை நிக்கிற மாசம் தவணை அங்கேருந்து போகட்டும். 400 முடியலேன்னா கடன் ஆலோசனை கொடுக்குற ஏகேபிகே ஆபீஸுக்குப் போங்க, இலவசம், பேங்குகிட்ட அவங்களே பேசுவாங்க. கார்டோட ரொக்கம் எடுக்குற வசதியை பேங்க்ல சொல்லி நிறுத்திடுங்க, இது இன்னைக்கே.

பூட்டுற விஷயம், வேணாம். கொழுந்தனார் சொன்னாரோ யார் சொன்னாங்களோ, கோர்ட் ஆர்டர் இல்லாம குடியிருக்கிறவரை வெளியேத்தக் கூடாதுன்னு 1950 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்துல இருக்கு, பூட்டுப் போட்டா, கரண்டை வெட்டினா அவர் உங்க மேல கேஸ் போடலாம். அதுக்குப் பதிலா 7ஆம் தேதி வரைக்கும் வாடகை வரலேன்னா 8ஆம் தேதி வாட்ஸாப்ல எழுதிக் கேளுங்க, 14 நாள்ல எழுத்து மூலமா நோட்டீஸ், ரெண்டாவது மாசம் தொடங்கினதும் வக்கீல். ஆள் உள்ள இருக்கும்போதே போனா 1951 டிஸ்ட்ரெஸ் சட்டப்படி 12 மாசம் வரை உள்ள பாக்கிக்கு வீட்டுச் சாமானைக் கோர்ட் மூலமா பிடிக்கலாம், டெபாசிட் தீர்றதுக்கு முன்னாடியே இதைத் தொடங்கணும்.

பழைய ஆளை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. வாடகை பாக்கியைக் கேட்க 6 வருஷம் டைம் இருக்கு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல 5,000 வெள்ளிக்குள்ளன்னா சின்னத் தொகை வழக்கு, வக்கீல் தேவையில்ல, வரவும் முடியாது, ஃபாரம் 198 நிரப்பி நீங்களே போடலாம், குவாலா சிலாங்கூர்லயே கோர்ட் இருக்கு. உங்களுக்கு வர வேண்டியது 5,350, மேல இருக்கிற 350ஐ விட்டுட்டு 5,000க்கு அடக்கிக்கோங்க. அக்ரிமெண்ட் இல்லாட்டாலும் வாட்ஸாப் மெசேஜ், பில்லு, வாடகை வாங்கினவர் சாட்சி எல்லாம் ஆதாரம்தான். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு விலாசம் வேணும், அது இல்லாம சம்மன் போகாது. தெரிஞ்ச குடும்பம்னு கூட்டிட்டு வந்தவருக்குத் தெரியாம இருக்காது. இந்த வாரமே கொழுந்தனார்கிட்ட கேட்டு வாங்குங்க, சாட்சிக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க, பெட்ரோல் 50 அந்த நாளைக்கு மட்டும் கொடுக்கலாம்.