போர் வீல் லைட்டு மின்னிக்கிட்டே இருக்குது, முன்வீல் இழுக்கல

கேள்வி: வணக்கமுங்ணா. தாளவாடி பக்கம் தோட்டமுங்க, முட்டைகோஸ் ஏத்த ஒரு போர் பை போர் பிக்கப் வெச்சிருக்கறேன். போன வாரம் மழைல பின்சக்கரம் சேத்துல சுத்துதுன்னு நாப்ப 4எச்சுக்கு (நாலு வீலும் இழுக்கறதுக்கு) திருப்புனா மீட்டர்ல லைட்டு மின்னிக்கிட்டே இருக்குது, நிக்கவே இல்ல, முன்வீலும் இழுக்கல, கடைசில டிராக்டர கட்டித்தான் வெளிய எடுத்தோம். ஒர்க்ஷாப்ல டிரான்ஸ்பர் கேஸையே, அதான் முன்வீலுக்கும் இழுவைய பிரிச்சு விடற பொட்டிய, எறக்கோணும்ங்கறாங்க. எறக்கலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு எறக்க வேண்டாங்க தம்பி. லைட்டு மின்னுதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்குது. லைட்டே வரலீன்னா பியூஸ், நாப்புன்னு தேடோணும். மின்னுதுன்னா நீங்க சொன்னது வண்டிக்கு கேட்டுருச்சு, ஆனா சேந்துட்டேன்னு பதில் திரும்பி வரலைன்னு அர்த்தம்.

மொதல்ல மண்ணுத்தரைல 4எச் போட்டு நேரா பத்தடி முன்ன, பத்தடி பின்ன மெதுவா உருட்டிப் பாருங்க, உள்ள பல்லு பல்லோட மோதி நிக்கறதுதான்னா அதுலயே விழுந்துரும்.

விழலீன்னா ரெண்டு எடத்துல ஒண்ணு. கியர் பாக்ஸுக்கு பின்னால இருக்கற டிரான்ஸ்பர் கேஸ், அத ஒரு சின்ன மோட்டார் மாத்தி விடும். இல்லீன்னா முன் ஆக்சில்ல இருக்கற சேப்பான், ஆக்சில வீலோட கோத்து விடறது, நெறைய பிக்கப்புல அத வேக்கம்தான் (காத்த உறிஞ்சற இழுப்பு) இழுக்கும். எதுன்னு கண்டுபிடிக்க சமதரைல நிறுத்தி, 4எச்ல விட்டு இன்ஜின ஆப் பண்ணி கியர்லயே வெச்சு, பின்வீலுக்கு கல்லு குடுத்து ஒரு முன்வீல மட்டும் ஜாக்கில தூக்குங்க, தூக்குன வண்டிக்கு அடில மட்டும் போயிராதீங்க, ஸ்டேண்டும் குடுங்க. இப்ப வீல கையில சுத்துங்க. சுத்த வரலீன்னா எல்லாம் சேந்துருக்குது, லைட்டுக்கு போற சுவிட்சுதான் கோளாறு. வீலும் சுத்தி, டிரான்ஸ்பர் கேஸ்ல இருந்து முன்னாடி ஆக்சிலுக்கு போற நீளத் தண்டு, புரப்பல்லர் சாப்டும் கூட சுத்துச்சுன்னா டிரான்ஸ்பர் கேஸ் பக்கம். சாப்டு அசையாம வீல் மட்டும் சுத்துச்சுன்னா ஆக்சில் பக்கம்.

ஆக்சில் பக்கம்னா வேக்கம் ஓஸத்தான் நான் மொதல்ல பாப்பேன். பர்கூர் மலைல ஒரு வண்டி, மூணு மாசம் அலைஞ்சாங்க, கடைசில பாத்தா ஓஸு வளையற எடத்துல எலி கடிச்சு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. தோட்டத்துச் சாளைல நிக்கற வண்டிக்கு இது சகஜமுங்க. இன்ஜின ஓட விட்டு, 4எச் போட்டு, ஆக்சில்கிட்ட ஓஸ கழட்டி நுனில வெரல வையுங்க, உறிஞ்சோணும். உறிஞ்சலீன்னா ஓஸ், இல்லீன்னா சாலினாய்டு (கரண்டுல வேக்கத்த தொறந்து மூடற வால்வு). பிரேக்கும் கட்டியா இருந்தா வேக்கம் பம்பையும் சந்தேகப்படுங்க, டீசல் வண்டில பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான்.

டிரான்ஸ்பர் கேஸ் பக்கம்னாலும் எறக்கறதுக்கு முந்தி மோட்டார் கனெக்டர கழட்டிப் பாருங்க. சேறும் தண்ணியும் போயி பின்னு பச்சை புடிச்சிருக்கும், எர்த் ஒயரும் துருவேறியிருக்கும். நாப்ப திருப்பறப்ப கிர்ருன்னு சத்தம் வருதான்னு கேளுங்க. மோட்டாரு வெளிப்பக்கமாத்தான் போல்ட்டுல நிக்குது, அத மட்டும் தனியா கழட்டிப் பாக்கலாம்.

சரியானப்பறம் மாசத்துக்கு ஒருக்காவாவது மண்ணுரோட்டுல 4எச் போட்டு கொஞ்சதூரம் ஓட்டுங்க, போடாமயே வெச்சிருந்தா இறுகிக்கும். ஆனா காஞ்ச தார்ரோட்டுல மட்டும் வேண்டாம். திம்பம் மலைல 27 வளைவு, ஒவ்வொண்ணுலயும் முன்வீலு பின்வீல விட தூரம் அதிகமா ஓடும், விட்டுக் குடுக்க நடுவுல ஒண்ணும் இல்லாததால முறுக்கேறி 2எச்சுக்கே (பின்வீல் மட்டும் இழுக்கறதுக்கு) திரும்ப மாட்டேங்கும்.

ஓஸும் ஒயரும் பாத்தும் மின்னுச்சுன்னா, ஜாக்கி வெச்சப்ப சாப்டு சுத்துச்சா இல்லியான்னு மறக்காம எழுதுங்க.