14 வோல்ட் பேட்டரியில் 7 வோல்ட் கேமரா மானிட்டரை நேராக மாட்டலாமா?

மாட்டக் கூடாது. வோல்டேஜ் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். மூன்றாம் மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்க் குழாயில் சீறும். திண்ணையில் வைத்த டிரம்மிலிருந்து மெதுவாகத்தான் வரும். அதே கதைதான் இதுவும்.

பெரிய கேமராவுக்கான வி-மவுண்ட் பேட்டரியில் பெரும்பாலும் 14.4 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே லித்தியம் செல்கள் நாலு நாலாக வரிசையில் இருக்கும். முழு சார்ஜில் செல் ஒன்றுக்கு 4.2, ஆக 16.8 வோல்ட். மற்ற கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பேட்டரியில் இருக்கும் சாதாரண டி-டாப் சாக்கெட் அதை அப்படியே வெளியே விடும். 7.2 வோல்ட் பேட்டரிக்கென்று செய்த மானிட்டரோ 8.4-க்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. பாண்டி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், விடியற்காலை கல்யாண ஷூட் ஒன்றில் அவசரத்துக்கு நேராகச் சொருகினேன். உப்புக் காற்றையும் மீறிக் கருகல் வாசனை வந்தது!

நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வேண்டும். மாட்டுமுன் அது எவ்வளவு தருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில மானிட்டர்கள் 7 முதல் 24 வோல்ட் வரை தாங்கும்; பின்பக்கத்தில் எழுதியிருந்தால் கன்வெர்ட்டரே தேவையில்லை.

“பேட்டரி 10 ஆம்பியர், மானிட்டருக்கு 1 போதும், எரிந்துவிடாதா?” என்று பலர் பயப்படுகிறார்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் எரியாது. எவ்வளவு ஆம்பியர், அதாவது எவ்வளவு மின்சாரம், இழுப்பது என்பதை மானிட்டர்தான் முடிவு செய்கிறது.