பீர் எந்த ஊர்த் தண்ணீரில் தயாராகிறது?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் எனக்கு. இப்போது இருப்பது அமெரிக்காவில், சிகாகோவை அடுத்த நேப்பர்வில். எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் குடித்தே பல்லில் காவி ஏறியவர்கள், கால் வளைந்தவர்கள் உண்டு. என் பெரியப்பா கடைசிவரை முதுகை நிமிர்த்த முடியாமலே போய்ச் சேர்ந்தார். இங்கே வந்து பார்த்தால் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடை வேண்டுமென்றே கலக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் வீட்டில் ஆர்.ஓ. வைத்துவிட்டேன். சனி, ஞாயிறில் இரண்டு பீர் குடிப்பேன். அதிலும் இந்தத் தண்ணீர்தானே இருக்கும்? ஃபுளோரைடு கலக்காத தண்ணீரில் தயாரான பீரை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் பயம் கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தது. அதை மதித்தே பதில் சொல்கிறேன். ஆனால் தர்மபுரித் தண்ணீரும் சிகாகோ தண்ணீரும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊர்ப் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. கிணறு ஆழமாக ஆழமாக அது தண்ணீரில் கரைந்து ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்ததன் விளைவுதான் நீங்கள் பார்த்தது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டதும் அதனால்தான்.

பல் உறுதிக்காக அமெரிக்காவில் கலக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2015-ல் இந்த அளவுக்குக் குறைத்தார்கள். அதற்கு முன் ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்து 1.2 வரை போகலாம் என்று இருந்தது. உங்கள் வீட்டுக்கு வருவது சிகாகோவில் சுத்திகரித்த மிஷிகன் ஏரித் தண்ணீர். இல்லினாய் மாநிலத்தில் 1967 முதல் ஃபுளோரைடு கலப்பதற்குச் சட்டமே இருக்கிறது.

இப்போது பீருக்கு வருவோம். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். 355 மில்லி கேன் ஒன்று முழுக்க 0.7 அளவுள்ள தண்ணீரில் தயாரானது என்று வைத்துக்கொண்டாலும், அதில் இருப்பது சுமார் கால் மில்லிகிராம் ஃபுளோரைடு. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான அளவு என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் வைத்திருப்பது 4 மில்லிகிராம். தாண்டக் கூடாதது 10. உங்கள் இரண்டு பீரில் அரை மில்லிகிராம் சேரும். அமெரிக்க வேளாண் துறை 2005-ல் வெளியிட்ட பட்டியலில் பீரின் சராசரி லிட்டருக்கு ஏறத்தாழ 0.45 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. அதே பட்டியலில் பால் சேர்க்காத தேநீருக்கு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 3.7. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரில் போட்டாலும் டிக்காஷனில் அது இறங்கத்தான் செய்யும். காலையும் மாலையும் கெட்டியான டீ குடிக்கிறவர் பீரில் ஃபுளோரைடைத் தேடுவதில் பொருளில்லை. காப்பியில் இந்தத் தொல்லை இல்லை, தண்ணீரில் இருப்பதுதான் காப்பியிலும் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒதுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதில் என்ன தண்ணீர் என்று கேட்கும் உரிமையும் உண்டு. அதை யாரும் கேலி செய்யக் கூடாது. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-ல் அறிக்கை தந்தது. 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. விவாதம் நடக்கிற இடத்தில் விலகி நிற்பது ஒரு நியாயமான தேர்வுதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: பீரில் உடம்புக்குக் கேடு தேடினால் முதலில் நிற்பது ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை 1988-லேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. இரண்டு மூன்றாகாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீரை மாற்றுவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

சரி, எப்படி வாங்குவது? பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் பெயர்தான். ஜெர்மன் பெயர், ஜப்பான் எழுத்து, ஹவாய் படம் எதையும் நம்பாதீர்கள். ஜெர்மனியில் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதில்லை, அதற்குப் பதிலாக உப்பில் சேர்த்து விற்கிறார்கள். ஆகவே ஜெர்மன் பீர் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பெக்ஸ் என்ற பிரெமன் நகரத்து பீரை, அமெரிக்கச் சந்தைக்காக 2012 முதல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் தயாரித்தார்கள். ஜெர்மன் பீர் என்று நம்பி இறக்குமதி விலை கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு, 2015-ல் சமரசமாகப் பணம் திரும்பப் பெற்றார்கள். கோனா பீரும் இப்படித்தான். ஹவாய் கடற்கரைப் படம் போட்ட பாட்டில், தயாரான இடமோ அமெரிக்கப் பெருநிலம். 2019-ல் 47 லட்சம் டாலர் சமரசத்தில் அந்த வழக்கு முடிந்தது. ஜப்பானின் சப்போரோ நிறுவனம் 2022-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலைகளை விலைக்கு வாங்கி, அமெரிக்காவில் விற்கும் பீரை அங்கேயே தயாரிக்கத் தொடங்கியது.

அதனால் பாட்டிலின் முகப்பைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தேடுங்கள். ‘ஜெர்மனியில் தயாரானது’ என்று நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் அது இறக்குமதிச் சரக்கு. ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. பல ஊர்களில் ஆலை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம், தன் தலைமையக ஊரை மட்டும் அச்சிட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. பீர் உண்மையில் எந்த ஆலையில் தயாரானது என்பது பாட்டிலில் இருக்கும் குறியீட்டில்தான் ஒளிந்திருக்கும். அந்தக் குறியீட்டைச் சொல்லி நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் ஊரைச் சொல்வார்கள். நான் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் சொல்கிறார்கள்.

இடம் உறுதியாகத் தெரியும் பீர் வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடங்களில் தயாராகும் பீர். அறுகோணமான டிராப்பிஸ்ட் முத்திரை இருந்தால், மடத்தின் சுவருக்குள்ளோ அதை ஒட்டியோதான் தயாரித்திருக்க வேண்டும். வேறு ஊரில் தயாரித்து முத்திரை போட முடியாது. பெல்ஜியத்தின் ரோஷ்ஃபோர், ஓர்வால், வெஸ்ட்மாலே, ஷிமே இந்த வகை. ரோஷ்ஃபோர் துறவிகள் தங்கள் ட்ரிடேன் ஊற்றைக் காப்பாற்ற, பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்கள். தண்ணீருக்காக அந்த அளவு நின்றவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இவை விலை கூடியவை, ஆல்கஹாலும் கூடியவை, ஒரு பாட்டிலோடு நிறுத்த வேண்டியவை. விலை குறைவாக வேண்டுமென்றால் செக் நாட்டுப் பில்ஸ்னர் ஊர்க்கெல், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வைன்ஷ்டெஃபானர் இரண்டும் அவரவர் ஊரிலிருந்தே வருகின்றன. இரண்டு நாட்டிலும் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பதில்லை.

‘ஐரோப்பா’ என்றாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் 1960-ல் சட்டம் போட்டு, 1964-ல் டப்ளினில் கலக்கத் தொடங்கி இன்றுவரை கலக்கிறார்கள். அளவு 0.6 முதல் 0.8 வரை. டப்ளினில் தயாராகும் பீரை எடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். இங்கிலாந்திலும் பர்மிங்ஹாம் போன்ற சில பகுதிகளில் உண்டு, ஸ்காட்லாந்தில் இல்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே வாங்க விரும்பினால் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் நல்ல தேர்வு. அங்கே 2013 மே மாதம் மக்கள் வாக்களித்து ஃபுளோரைடை மறுத்தார்கள். புல் ரன் மலைக்காட்டு நீர்தான் அங்கே குழாயில் வருகிறது, சிறு பீர் ஆலைகளும் ஏராளம். யூட்டா மாநிலம் 2025 மே மாதத்திலிருந்தும் ஃபுளோரிடா ஜூலையிலிருந்தும் கலப்பதைத் தடை செய்துவிட்டன. ஒரு குறிப்பிட்ட ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமா? ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் தர அறிக்கை வெளியிட்டாக வேண்டும். அதில் ஃபுளோரைடு வரிசையைப் பாருங்கள். அளவு இருக்கும், அது இயற்கைப் படிவிலிருந்து வந்ததா, பல் உறுதிக்காகச் சேர்த்ததா என்ற குறிப்பும் இருக்கும். ஆலை இருக்கும் ஊரின் அறிக்கையைப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, தர்மபுரிக்காரருக்கு அவசியமான ஒரு சொல். ‘சேர்க்காதது’ வேறு, ‘இல்லாதது’ வேறு. மெக்சிகோவில் தண்ணீரில் கலப்பதில்லை, உப்பில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அதன் வட, மத்திய மாநிலங்கள் பலவற்றில் உங்கள் ஊர் போலவே நிலத்தடி நீரில் இயற்கையான ஃபுளோரைடு கூடுதல். பாறையிலிருந்து வந்தாலும் டப்பாவிலிருந்து வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான். ஆழ்கிணற்று நீர், ஊற்று நீர் என்று பெருமையாக அச்சிட்ட பீரை வாங்கும்போது ‘அளவு எவ்வளவு?’ என்றே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறு ஆலையில் ‘வடிகட்டிய தண்ணீர்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். கேட்டால் கார்பன் ஃபில்டர் என்கிறார்கள். அது போதுமா? மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) மணிக்கணக்கில் கொதிக்கவும் வைக்கிறார்களே, அதில் போய்விடாதா?

பதில்: இரண்டிலும் போகாது. கார்பன் ஃபில்டர் வைப்பது குளோரினை எடுக்க. குளோரின் மிஞ்சினால் மால்ட்டோடு சேர்ந்து பீருக்கு மருந்து வாடை வரும், அதனால் அநேகமாக எல்லா ஆலையிலும் அதைச் செய்வார்கள். ஃபுளோரைடு அதில் நழுவிப் போய்விடும். கொதிக்க வைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, அடர்த்தி சற்றுக் கூடும். உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ‘ஆர்.ஓ. வைத்திருக்கிறீர்களா? எல்லாத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போகிறதா?’ பல ஆலைகள் பில்ஸ்னர் போன்ற மென்மையான பீருக்கு மட்டும் ஆர்.ஓ. நீர் எடுத்து, மற்றவற்றுக்குக் குழாய் நீரைப் பாதிக்குப் பாதி கலப்பார்கள். ஆலைக்காரர் நேரில் நிற்கிற இடம் அது, கேட்டால் மகிழ்ச்சியாகவே விளக்குவார். தன் தண்ணீரைப் பற்றிப் பேசப் பிடிக்காத பீர்க்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: ஆர்கானிக் பீர் வாங்கினால்?

பதில்: அந்த முத்திரை தானியத்துக்கும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவுக்கும்தான். அமெரிக்க விதியில் ஆர்கானிக் சதவீதம் கணக்கிடும்போது தண்ணீரையும் உப்பையும் விட்டுவிடுவார்கள். இதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே என்ன செய்வது?

பதில்: சிங்கப்பூரில் 1950-களிலிருந்தே தீவு முழுவதற்கும் கலக்கிறார்கள். உள்ளூர்க் குழாய் நீரில் தயாராகும் பீரில் அது இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலும் பெரும்பாலான மாநிலங்களில் கலப்பதால் எல்லை தாண்டி வரும் கேனும் விடை ஆகாது. கேனில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் விதி, அதைப் பார்த்து ஜெர்மன், பெல்ஜியச் சரக்கை எடுக்கலாம். கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தூய்மையாக்கிய நியூவாட்டரில் 2022-ல் ‘நியூப்ரூ’ என்ற பீரை உங்கள் ஊர் ஆலை ஒன்று தயாரித்து விற்றது நினைவிருக்கலாம். பலர் முகம் சுளித்தார்கள். உங்கள் கணக்கில் பார்த்தால் மிகச் சுத்தமான தண்ணீர் அதுதான்.

கேள்வி: பீரை விட்டு ஒயினுக்கு மாறிவிடலாமா என்று மனைவி கேட்கிறார்.

பதில்: ஃபுளோரைடுக்காக என்றால் வேண்டாம். மேலே சொன்ன வேளாண் துறைப் பட்டியலில் வெள்ளை ஒயின் லிட்டருக்கு ஏறத்தாழ 2, சிவப்பு ஏறத்தாழ 1. இரண்டுமே பீரைவிடக் கூடுதல். கலிஃபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உள்ள பூச்சிமருந்தைத் தெளித்து வந்தது ஒரு முக்கியக் காரணம். தண்ணீரே சேர்க்காத பானத்தில் தண்ணீர் சேர்த்ததைவிட அதிகம் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் சரியாக வருமா?

பதில்: மால்ட் சாறு வாங்கிச் செய்தால் அப்படியே ஊற்றலாம், தாது உப்புகள் சாற்றிலேயே இருக்கும். ஆனால் அந்தச் சாற்றைத் தயாரித்த ஊர்த் தண்ணீரின் ஃபுளோரைடும் அதில் சேர்ந்தே வந்திருக்கும். அதுவும் வேண்டாமென்றால் மால்ட் தானியத்தை வாங்கி, நீங்களே ஊறவைத்துச் சாறு எடுங்கள். அப்போது வெறும் ஆர்.ஓ. நீர் போதாது. கால்சியம் இல்லாமல் சாறு தெளியாது, ஈஸ்ட்டும் சரியாக அடியில் படியாது. 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் கால்சியம் குளோரைடோ ஜிப்சமோ சேருங்கள். பீர் பொருள்கள் விற்கும் கடையில் உணவுத் தரத்தில் கிடைக்கும். தோட்டத்துக்குப் போடும் ஜிப்சத்தை எடுத்துவிடாதீர்கள்.