எதையும் முடிக்காமல் தைத்துக்கொண்டே இருப்பது நோயா?

கேள்வி: எனக்கு வயது 62. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பழைய வேட்டித் துணியில் கையால் தைக்கிறேன். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல் என்று வரிசை வரிசையாகப் போடுவேன். துணி நிறைந்ததும் சில சமயம் நூலைப் பிரித்துவிட்டு அதே துணியில் மறுபடி தொடங்குவேன். தலையணை உறை, மேசை விரிப்பு என்று எதுவும் செய்வதில்லை, செய்யவும் தோன்றவில்லை. "ஒண்ணும் ஆகாம தைச்சுக்கிட்டே இருக்கியே, டாக்டர்கிட்ட கேளும்மா" என்கிறான் மகன். "அழகா இருக்கு அத்தை, விக்கலாமே" என்கிறாள் மருமகள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. அதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் மட்டும் மாத்திரை. இரண்டு மாதமாக இரவில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. தையலை நிறுத்திவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. விரல் மரத்துப்போவதற்கு வைத்தியம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மகனின் கவலைக்கு வருவோம்.

நீங்கள் எழுதியிருப்பதில் மனக்கோளாறின் சாயல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கைக்குப் பழகிய ஒரு வேலையை அதன் சுகத்துக்காகவே செய்கிறீர்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிறவரிடம் எந்தக் கச்சேரிக்கு என்று யாரும் கேட்பதில்லை. கையில் ஊசி நூல் இருந்தால் மட்டும் "இது என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டுவிடுகிறோம்.

ஆனாலும் மகன் கேட்டது நியாயமான கேள்வி. நோக்கமில்லாமல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது சில நோய்களில் வருவதுதான். பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்துக்கு லெவோடோபா போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களில் சிலர், பொருள்களை அடுக்குவதும் கலைப்பதுமாக, கடிகாரத்தையோ ரேடியோவையோ கழற்றிப் போடுவதுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். மருத்துவத்தில் இதற்கு 'பண்டிங்' என்று பெயர். சாப்பாடு, தூக்கம் மறந்துபோகும். நிறுத்தச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். மருந்தின் அளவைச் சரிசெய்தால் பலருக்குக் குறைந்துவிடும். உங்களுக்கு அந்த நோயும் இல்லை, அந்த மருந்தும் இல்லை.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயிலும் ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அங்கே பயம்தான் விரட்டும். இத்தனை முறை செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற பயம். செய்கிறவருக்கு அதில் துளி சந்தோஷமும் இருக்காது. மூளையின் முன்பகுதி தேய்கிற ஒருவகை மறதி நோயில் இதுவரை இல்லாத பழக்கங்கள் புதிதாக வரும். கூடவே குணமும் மாறும், குளிப்பது உடுத்துவதில் அக்கறை போகும், யாரிடம் என்ன பேசுகிறோம் என்ற கூச்சமும் போகும். ஆகவே மகன் கவனிக்க வேண்டியது துணியில் என்ன உருவாகிறது என்பதை அல்ல. வாசலில் ஆள் வந்தால் அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து வருகிறாரா, உலையில் வைத்த அரிசி நினைவிருக்கிறதா, தைத்து எழும்போது முகம் தெளிவாக இருக்கிறதா என்பதை. நீங்கள் நூலைப் பிரிப்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கோணலாகிவிட்டதே என்று தவித்துத் தவித்துப் பிரித்தால் எனக்குச் சொல்லுங்கள். இன்னொரு முறை தைக்க இடம் வேண்டும் என்று பிரித்தால் அது உங்கள் விருப்பம்.

மருமகள் அன்பாகச் சொன்ன யோசனைக்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். தாமாகவே ஆசையோடு படம் வரைகிற பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. 62 வயதிலும் மனம் இந்த விஷயத்தில் பெரிதாக மாறிவிடுவதில்லை என்பது என் எண்ணம். விலை, கெடு, 'இன்னும் நான்கு வேண்டும்' என்பதெல்லாம் வந்துவிட்டால் அந்த மதிய நேரம் மறுபடி பணிநேரமாகிவிடும். இத்தனை வருடம் மணியடித்து வேலை பார்த்தவர் நீங்கள்.

கைத்தையலை மருத்துவம் பயன்படுத்தியதும் உண்டு. முதல் உலகப்போரில் காயம்பட்ட படைவீரர்களுக்குப் பிரிட்டன் மருத்துவமனைகளில் பூத்தையல் கற்றுக்கொடுத்தார்கள். விரலுக்குப் பயிற்சி, கலங்கிய மனதுக்கு ஒரு பிடி. நூற்றுக்கும் மேற்பட்டோர் அப்படித் தைத்த பலிபீடத் துணி ஒன்று லண்டன் தூய பவுல் பேராலயத்தில் இருக்கிறது. 1970களில் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஒரு சொல்லையோ அசைவையோ நிதானமாகத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூச்சும் இதயத் துடிப்பும் தணிவதை எழுதினார். சீரான ஓட்டுத் தையலில் உங்களுக்குக் கிடைக்கும் அமைதி அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். மறதி வராது, சர்க்கரை குறையும் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். அப்படி ஒரு லாபமும் இல்லாவிட்டாலும் நீங்கள் தைக்கலாம்.

இனி விரல்களுக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று விரல்களும், இரவில் மரத்துப்போவதும், உதறினால் சரியாவதும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதையே காட்டுகின்றன. கார்ப்பல் டனல் பிரச்சினை என்பார்கள். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் நடு நரம்பும் ஒன்பது தசைநாண்களும் சேர்ந்து போகின்றன. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் தவிப்பது நரம்புதான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பிவிடும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் இது அதிகம். தையல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மணிக்கட்டை மடக்கியபடி மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடித்தால் கூடும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கும்.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். தூங்கும்போது ஆறு வாரம் கட்டுங்கள். அதிலேயே பலருக்குக் குறைகிறது. தைக்கும்போது மடியில் தலையணை வைத்து, அதன்மேல் முழங்கை ஊன்றி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி பாருங்கள். கண் பெரிதாக உள்ள, கொஞ்சம் தடித்த ஊசியாக எடுங்கள் (ஊசியின் எண் கூடக் கூட அது மெலியும்). துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டித் துணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், கைக்கு அதைவிட நல்லது இல்லை. கஞ்சி போட்ட துணியும் ஜீன்ஸும் வேண்டாம். துணி இறுக்கும் வளையத்தைப் பிடிக்கும் இடது கைக்கும் இதே நோய் வரலாம், அதனால் அதை மேசை ஓரத்தில் சாய்த்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது சர்க்கரைக்கும் ஆகாது. பத்து நிமிடம் நடந்துவிட்டு ஊசியைத் தொடுங்கள்.

வெளிச்சம் இடது தோள்பக்கமிருந்து வரட்டும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. ஆகவே விளக்கு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கண்ணாடி மாற்றுவதானால் சர்க்கரை நிலைப்பட்ட பிறகு மாற்றுங்கள், ஏறி இறங்கும்போது பவரும் மாறும். வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை எப்படியும் வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் ஊசியைப் பற்றித்தான். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் தரையில் கிடக்கும் ஊசியை மிதித்தாலே தெரியாது. ஊசி உடைந்து உள்ளே தங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்த பிறகு எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். எழும்போது ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் காந்தத்தால் தேடிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும். உதட்டில் ஊசியைக் கவ்வாதீர்கள். பல்லால் நூலைக் கடிக்காதீர்கள், முன்பல்லில் பள்ளம் விழும். விரலில் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பத்து வருடத்துக்குள் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அவரைப் பார்க்கும்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டிருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் மரத்துப்போகும். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பது நினைவிருக்கட்டும். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் நரம்புக் கடத்தல் சோதனை தேவைப்படும். பகலிலும் விரல் மரத்தே இருந்தாலோ, ஊசி கைநழுவி விழுந்தாலோ, கட்டைவிரலின் அடிமேடு வற்றியதுபோல் தெரிந்தாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். நரம்பு நிரந்தரமாகக் கெடுவதற்கு முன் சிறிய அறுவை சிகிச்சையில் அதை விடுவித்துவிடலாம்.