மலை ரோட்டுக்கு எந்த டயர், எந்த ரிம்? கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து: அண்ணா, என்னிடம் இருப்பது ஆக்சியோ, டயர் 175/65 ஆர்15. கினிகத்தேனை வளைவுகளில் கார் அலைகிற மாதிரி இருக்கிறது. 17 அங்குல அலாய் போட்டால் ஒட்டிப் பிடித்து ஓடுமா?

ரிம்முக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஷொக் அப்சோபர், புஷ், வீல் எலைன்மென்ட் மூன்றையும் பார்த்துவிடுங்கள் தம்பி. கார் அலைவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

அவை சரியாக இருந்தால் அளவுக்கு வருவோம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 114 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 15 அங்குல ரிம். எல்லாம் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய 609 மி.மீ. 17 அங்குலத்துக்கு 195/45 போட்டால் 607 வரும். உயரம் ஒத்துப்போகிறது, ஆனால் சுவர் 88 மி.மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. வளைவில் ஸ்டியரிங் உடனே கேட்கும், அது உண்மை. தோட்ட ரோட்டில் ஒரு குழிக்குள் சக்கரம் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றப்போவதும் அதே 88 மி.மீ. தான்.

உங்கள் ரோட்டுக்கு 16 அங்குலத்தில் 185/55 போதும். உயரம் 610, சுவர் 102. அதற்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. மிஞ்சும் காசை நல்ல ரப்பருக்குப் போடுங்கள்.

அதே தம்பி: 205/55 ஆர்16 ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் 16 தானே?

ரிம் 16 தான், ஆனால் சக்கரம் 632 மி.மீ. பழையதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் பெரிது. ஸ்பீடோவில் 60 காட்டும்போது முன்பைவிட 2 கிலோமீற்றர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய விஷயம் கியர். சக்கரம் பெரிதானால் ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும். ரம்பொடை இறக்கத்தில் அந்தக் குறையைப் பிரேக்தான் சுமக்க வேண்டும். ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும். நான் என்றால் 2 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். வாங்காதீர்கள்.

வட்டவளையிலிருந்து: எங்கள் பக்கம் எப்போதும் மழை. அகல டயர் வழுக்காது என்கிறார்களே?

காய்ந்த ரோட்டில் அது ஓரளவு சரி. மழையில் அகலம் கூடக் கூட டயர் தண்ணீரில் மிதக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் பட்டன், அதாவது டயரின் பள்ளவெட்டு, நன்றாக இருந்து காற்றும் சரியாக இருந்தால், மிதப்பது ஏறக்குறைய 90 கிலோமீற்றர் வேகத்தில்தான் பெரிய பிரச்சினை. நாம் வளைவுகளில் 30, 40இல் போகிறவர்கள். நம்மை வழுக்கவைப்பது மண்திட்டிலிருந்து கழுவி வந்த களிமண், பாசி, லொறி சிந்திய டீசல். அதற்கு மருந்து இளசான ரப்பரும் ஆழமான பள்ளமும்தான். பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு 1.6 மி.மீட்டரைக் காட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம், மழை ஊரில் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி: கொழும்பில் காற்று அடித்துக்கொண்டு மேலே வந்தால் கூடுமா, குறையுமா?

கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். வெளிக்காற்று மெலிந்திருப்பதால் கேஜ் 3 பிஎஸ்ஐ அளவு கூட்டிக் காட்டும். அங்கே 15 பாகை குளிர் கூடினால் 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறையும். ஆக, ஏறக்குறைய சமம். நீங்கள் குடியிருக்கும் ஊரில், காலையில் ஓடும் முன், கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள். ஸ்டிக்கரில் 230 கிலோபாஸ்கல் என்றிருந்தால் 6.9ஆல் வகுங்கள், 33 பிஎஸ்ஐ வரும். இறக்கம் இறங்கிய சூட்டில் கேஜ் கூட்டிக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

அதே தங்கச்சி: இங்கே குளிர்தானே, ஜப்பானிலிருந்து வரும் பழைய ஸ்டட்லெஸ் டயர் நல்லதா?

வேண்டாம். அது 7 பாகைக்குக் கீழே, பனியில் ஓடச் செய்த மென்மையான ரப்பர். நம் குளிர் அதற்கு வெயில். ஈர ரோட்டில் பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும்.

பண்டாரவளையிலிருந்து: இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன் சக்கரம் இழுக்கிற கார், முன்னால் போடலாமா?

பின்னால் போடுங்கள் ஐயா. பலரும் தலையாட்டி மறுப்பார்கள், ஆனால் பெரகலை இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிரேக் மிதித்ததும் பாரம் முன்னுக்கு வந்து பின்பக்கம் லேசாகிவிடும். அங்கே தேய்ந்த டயர் இருந்தால் வால் பள்ளத்துப் பக்கம் வீசும், திருத்த நேரம் கிடைக்காது. முன் டயர் வழுக்கினால் அக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பழைய இரண்டையும் முன்னால் மாட்டும்போது உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். முட்டை மாதிரி புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயர் ஒரு நாளும் ஓடக்கூடாது.

தலவாக்கலையிலிருந்து: ஹொண்டா அலாய் டொயோட்டா விட்ஸுக்குப் பொருந்துமா? நான்கு துளை, பிசிடி 100 தான்.

பிசிடி என்பது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீட்டரில். அது ஒன்றாக இருப்பதால் துளை பொருந்தும். நடு ஓட்டை ஹொண்டாவில் 56.1 மி.மீ., விட்ஸில் 54.1. இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கலாம். நட்டும் கவனம்: ஹொண்டா கம்பனி ரிம்மில் நட்டு உட்காரும் இடம் உருண்டை, கூம்பு நட்டோ தட்டை நட்டோ அதில் சரியாக உட்காராது. ரிம்மில் உள்ள ஈடி எண்ணையும் பாருங்கள், சக்கரம் எவ்வளவு உள்ளே உட்காரும் என்பதை அது காட்டும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளும்.

மஸ்கெலியாவிலிருந்து: ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். அதே அளவில் கார் டயர் மலிவு. போடலாமா?

கூடவே கூடாது. அளவுக்குப் பின்னால் வரும் எண்தான் சுமை. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 107 என்றால் 975. வேனில் வந்த டயரின் எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள், அளவோடு வேன், லொறி டயரைக் குறிக்கும் சி எழுத்தும் இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள். மாட்டிய பிறகு 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டைட் பண்ணுங்கள். அப்புறம் வேன் நிறைய ஆளை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டே ரோட்டுக்கு எடுங்கள்.